வடிதுணியில் நின்ற துணுக்கு: மதுரையில் ஒரு சிறுநீரகப் பிரிவின் நோயறிதல் சேவை

மதுரையில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவில் என் அம்மா ஒன்பது நாட்கள் உள்நோயாளியாக இருந்தார். அவருடைய சிறுநீரகத்துக்குள் ஒரு பகுதித் திசு செத்து உதிர்ந்திருக்கிறது என்பதை அங்கேதான் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன்பு ஐந்து வாரங்கள், சிறுநீரகக் கல் என்று சொல்லி வேறு இடங்களில் வைத்தியம் நடந்தது. இந்த மதிப்பீட்டில் நிறையோடு குறையும் வருவதால் எந்த இடத்தின் பெயரையும், எந்த மருத்துவரின் பெயரையும் எழுதவில்லை. கட்டடம், வரவேற்பறை, கேன்டீன் ஆகியவற்றைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. நோயின் காரணத்தை அவர்கள் எப்படித் தேடினார்கள் என்பதையே விரிவாக எழுதுகிறேன். மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் நடத்துகிறவன் நான். சிறுநீரகத்தின் படத்தைக் கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன். அந்தப் படத்தில் நான் ஒரு கோட்டோடு கடந்துபோகும் இடத்தில்தான் அம்மாவின் நோய் இருந்தது.

அம்மாவுக்கு வயது 61. பதினான்கு வருடங்களாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை உண்டு. மூன்று வருடங்களாக மூட்டுவலி. தெருமுனை மருந்துக்கடையில் "முட்டிவலிக்கு ஒரு செட் கொடு தம்பி" என்று கேட்டால், மூன்று நான்கு மாத்திரைகளை அட்டையிலிருந்து நறுக்கி, சிறிய காகிதப் பொட்டலத்தில் மடித்துத் தருவார்கள். அதில் என்ன இருக்கிறது என்று அம்மாவும் கேட்டதில்லை, நாங்களும் கேட்டதில்லை. சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நாள் அதிகாலை இடதுபக்க விலாவுக்குக் கீழே தொடங்கிய வலி அடிவயிறு வரை இறங்கியது. சிறுநீர் இளஞ்சிவப்பாகப் போனது. மாலையில் குளிர்க்காய்ச்சல் வந்தது. பக்கத்து ஊர் ஸ்கேன் சென்டரில் இடது சிறுநீரகம் லேசாக வீங்கியிருப்பதாகவும், சிறுநீர்க்குழாயின் மேற்பகுதியில் ஆறு மில்லிமீட்டர் கல் போல ஒன்று தெரிவதாகவும் அறிக்கை கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு ஒரு கிளினிக்கில் வலி ஊசி போட்டார்கள், கல் கரைய மருந்து எழுதினார்கள், வாழைத்தண்டுச் சாறு குடிக்கச் சொன்னார்கள். வலி போவதும் வருவதுமாக இருந்தது. காய்ச்சல் மட்டும் முழுதாக விடவில்லை. ஐந்து வாரங்களில் அம்மாவுக்கு ஆறு வலி ஊசிகள் போடப்பட்டன. அந்த ஊசிகளும் அந்தப் பொட்டல மாத்திரைகளும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

மதுரை மருத்துவமனையில் காலை எட்டரைக்கு டோக்கன் போட்டு, மருத்துவரைப் பார்க்கும்போது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. காய்ச்சலோடு இருக்கும் ஒருவரை மூன்றரை மணி நேரம் நாற்காலியில் உட்கார வைப்பது சரியன்று; காய்ச்சல், வலி உள்ளவர்களைத் தனியாகப் பிரித்து முதலில் பார்க்க அங்கே ஓர் ஏற்பாடு கட்டாயம் வேண்டும். ஆனால் உள்ளே போன பிறகு நடந்ததை நான் மனதாரப் பாராட்டுகிறேன். இளம் பெண் மருத்துவர் ஒருவர் முதலில் விவரங்களை எழுதிக்கொண்டார். ஸ்கேன் அறிக்கையைக் கையில் வாங்கி, படிக்காமலே மேசையில் வைத்துவிட்டு, "அம்மா, வீட்ல என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க? சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை தவிர?" என்று கேட்டார். "வேற ஒண்ணும் இல்லையே" என்றார் அம்மா. "முட்டிவலிக்கு?" என்று மருத்துவர் கேட்டதும், "அது கடையில வாங்குறது, அதெல்லாம் கணக்கா?" என்றார் அம்மா. மருத்துவர் சிரிக்கவில்லை, அதட்டவும் இல்லை. "அதுதான்மா எனக்கு முக்கியமான கணக்கு" என்று சொல்லி, அம்மாவின் கைப்பையில் இருந்த பொட்டலத்தை வாங்கிப் பிரித்தார். ஒவ்வொரு மாத்திரையையும் திருப்பிப் பார்த்தார். ஒன்று டைக்ளோஃபினாக், ஒன்று பாராசிட்டமாலோடு சேர்ந்த இன்னொரு வலிமருந்து, ஒன்று அசிடிட்டி மாத்திரை. ஒரு நாளைக்கு எத்தனை, வாரத்தில் எத்தனை நாள், எத்தனை வருடம் என்று கேட்டுக் கணக்குப் போட்டு, ஆயிரத்தைத் தாண்டிய ஓர் எண்ணை எழுதி அடிக்கோடு இட்டார். அதுவரை எங்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டவர் யாரும் இல்லை.

பிறகு தலைமை மருத்துவர் வந்தார். என் தொழிலைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, காகிதத்தில் ஒரு சிறுநீரகம் வரைந்தார். வெளியே புறணி; உள்ளே கூம்பு கூம்பாக மெடுல்லா; ஒவ்வொரு கூம்பின் முனையும் உள்நோக்கி நீண்டு ஒரு கிண்ணத்துக்குள் இறங்குகிறது. அந்த முனைக்குப் பாப்பில்லா என்று பெயர். இலட்சக்கணக்கான நுண்குழாய்கள் வடித்த சிறுநீர் கடைசியில் அந்த முனைகளின் துளைகள் வழியாகத்தான் கிண்ணத்தில் சொட்டுகிறது. இதயம் வெளித்தள்ளும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குப் போகிறது என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு. அந்த இரத்தத்தில் சுமார் 90 விழுக்காடு புறணிக்கே போய்விடுகிறது, மிச்சம்தான் மெடுல்லாவுக்கு, அதிலும் முனைக்குப் போய்ச் சேர்வது மிகச் சொற்பம் என்பதை அவர் சொல்லித்தான் முழுமையாக உணர்ந்தேன். கடைமடை வயலுக்குத் தண்ணீர் எப்போதும் குறைவாகத்தான் வரும் என்றார். சிறுநீரைச் செறிவாக்குவதற்கு அந்த மெதுவான ஓட்டம் தேவை. ஆனால் அதனாலேயே அந்த முனை எப்போதும் ஆக்ஸிஜன் பற்றாக்குறையின் விளிம்பில் வாழ்கிறது.

அந்த விளிம்பில் அதைக் காப்பது புரோஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருள். இரத்த ஓட்டம் குறையும்போதெல்லாம் மெடுல்லாவின் நுண்நாளங்களை அது விரித்துக் கொடுக்கிறது. டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் போன்ற வலிமருந்துகள் மூட்டில் வலியைக் குறைப்பதே இந்தப் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுத்துத்தான். மூட்டில் தடுப்பதைச் சிறுநீரகத்திலும் தடுக்கின்றன. நல்ல உடல்நிலையில் உள்ளவர் இரண்டு நாள் சாப்பிட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. ஆனால் சர்க்கரை நோயால் நுண்நாளங்கள் ஏற்கெனவே தடித்துச் சுருங்கியிருக்கும் ஒருவர், தண்ணீர் குறைவாகக் குடிக்கும் ஒருவர், சிறுநீர்த் தொற்றும் உள்ள ஒருவர் அதையே வருடக்கணக்கில் சாப்பிட்டால், கடைமடை முற்றிலும் வறண்டு முனை செத்துவிடுகிறது. செத்த முனை சில சமயம் அப்படியே ஒட்டிக்கொண்டு சுண்ணாம்பேறிப் போகும். சில சமயம் உதிர்ந்து சிறுநீரோடு இறங்கும். இறங்கும் வழியில் குழாயை அடைத்துக்கொண்டால் கல்லடைப்பு போலவே வலிக்கும். அம்மாவுக்கு அதுதான் நடந்திருக்கலாம் என்பது அவருடைய ஊகம். "ஊகம்தான் தம்பி, இனிமேதான் நிரூபிக்கணும்" என்று சொன்னார். அந்தச் சொல் எனக்கு நம்பிக்கையைத் தந்தது.

இந்த நோய் புதிதன்று என்பதைப் பின்னர் நானே தேடிப் படித்தேன். 1877-இல் ஜெர்மன் மருத்துவர் நிகோலஸ் ஃபிரீட்ரைஷ், புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் அடைபட்டிருந்த ஒருவரிடம் இதை முதன்முதலில் விவரித்தார். வலிமருந்துக்கும் சிறுநீரகச் சேதத்துக்கும் உள்ள தொடர்பு 1953-இல் சுவிட்சர்லாந்திலிருந்து ஷ்பூலர், சோலிங்கர் என்ற இருவர் எழுதியபோது வெளியே வந்தது. அன்று குற்றவாளி ஃபினாசெட்டின் என்ற வலிமருந்து கலந்த வலித்தூள். தலைவலிக்கும் உடல் அசதிக்கும் தினமும் அதை விழுங்கிய தொழிலாளர்கள் பலர் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். ஆஸ்திரேலியாவில் இல்லத்தரசிகள் கடையில் வாங்கித் தேநீரோடு சாப்பிட்ட கூட்டு வலித்தூள்கள் அதே வேலையைச் செய்தன. 1979-இல் அவற்றின் கடை விற்பனையைக் கட்டுப்படுத்திய பிறகே அங்கே புதிய நோயாளிகள் குறையத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் 1983-இல் ஃபினாசெட்டின் சந்தையிலிருந்து அகற்றப்பட்டது. நம் மருந்துக்கடைப் பொட்டலத்தில் ஃபினாசெட்டின் இல்லை. ஆனால் பல மருந்துகளைக் கலந்து, சீட்டு இல்லாமல், காலவரை இல்லாமல் விழுங்கும் பழக்கம் அப்படியே இருக்கிறது.

டைக்ளோஃபினாக் என்ற பெயரை அந்த மேசையில் பார்த்தபோது எனக்குப் பாறு கழுகுகள் நினைவுக்கு வந்தன. கால்நடைகளுக்குப் போட்ட இதே மருந்து, செத்த மாட்டின் இறைச்சி வழியாகப் பாறுகளின் உடலுக்குள் போய், அவற்றின் சிறுநீரக நுண்குழாய்களைச் சாகடித்தது. 1990-களிலிருந்து தெற்காசியாவில் மூன்று வகைப் பாறுகள் ஏறக்குறைய அற்றுப்போகும் நிலைக்கு வந்தன. காரணம் 2004-இல் உறுதியானது. 2006-இல் இந்தியாவில் கால்நடைப் பயன்பாட்டுக்குத் தடை வந்தது. தமிழ்நாட்டில் இன்று அவற்றை முக்கியமாக நீலகிரியின் மாயாற்றுப் பள்ளத்தாக்கில்தான் காண முடிகிறது. மாணவர்களுக்கு ஆண்டுதோறும் இதைச் சொல்லிக் கொடுத்தவன், வீட்டில் அம்மாவின் பொட்டலத்தை ஒருமுறையும் பிரித்துப் பார்க்கவில்லை. மனிதரின் சிறுநீரகம் பாறுவினுடையதைவிட இம்மருந்தைப் பல மடங்கு தாங்கும் என்பது உண்மைதான். ஆனாலும் என் வருத்தம் அப்படியே இருக்கிறது.

சேர்த்த அன்று மாலையே ஒரு செவிலியர் வந்து அம்மாவிடம் ஒரு பிளாஸ்டிக் குவளையையும், நான்கு மடிப்பு மடித்த வலைத்துணிக் கட்டு ஒன்றையும் கொடுத்தார். "அம்மா, இனிமே ஒவ்வொரு தடவையும் இந்தத் துணி வழியா வடிச்சுதான் விடணும். கண்ணுக்கு என்ன தெரிஞ்சாலும், மண்ணு மாதிரி இருந்தாலும், தோல் மாதிரி இருந்தாலும் கீழ கொட்டிடாதீங்க, என்னைக் கூப்பிடுங்க" என்று சொன்னார். அம்மாவுக்குக் கூச்சம். இரவில் எழுந்து போகும்போதெல்லாம் அந்தத் துணியைக் குவளையின் வாயில் கட்டிவிட்டவள் என் தங்கை. மூன்றாம் நாள் விடியற்காலை மீண்டும் இடுப்பில் வலி வந்து, ஒரு மணி நேரத்தில் சட்டென்று விட்டது. அடுத்த முறை சிறுநீர் கழித்தபோது துணியின் நடுவில் ஒன்று நின்றிருந்தது. பச்சரிசியைவிடச் சற்றுப் பெரிதாக, ஒரு பக்கம் மழுங்கியும் மறுபக்கம் பிசிறாகவும், சாம்பல் கலந்த பழுப்பு நிறத்தில், ஊறிய கடலைத்தோல் போல மெத்தென்று இருந்தது. கல்லாக இருந்தால் நகத்தால் தொட்டால் நெரடும், இது நசுங்கியது. செவிலியர் அதைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, இடுக்கியால் எடுத்து ஃபார்மலின் புட்டியில் போட்டு, பெயர், நேரம் எழுதி ஒட்டினார். அந்த மருத்துவமனையில் கோடிக்கணக்கான ரூபாய்க் கருவிகள் இருக்கின்றன. எங்கள் கேள்விக்குப் பாதிப் பதிலைக் கொடுத்தது சில ரூபாய் பெறும் அந்தத் துணியும், அதை ஒவ்வொரு ஷிப்டிலும் மறக்காமல் நினைவூட்டிய செவிலியர்களும்தான். செவிலியர் சேவைக்கு என்னால் குறையே சொல்ல முடியாது.

இதற்கிடையே இரத்தமும் சிறுநீரும் பரிசோதனைக்குப் போய்க்கொண்டிருந்தன. சேர்க்கும்போது, சிறுநீரகம் சரியாக வடிக்காதபோது இரத்தத்தில் ஏறும் கழிவான கிரியாட்டினின் 1.9 இருந்தது. சிறுநீரில் இரத்த அணுக்களும் சீழ் அணுக்களும் இருந்தன. ஆண்டிபயாட்டிக் தொடங்கும் முன்பே, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு மாதிரி எடுத்துவிட்டார்கள். இதை ஏன் குறிப்பிடுகிறேன் என்றால், முந்தைய ஐந்து வாரங்களில் மூன்று விதமான ஆண்டிபயாட்டிக் கொடுத்தும் ஒரு முறைகூடக் கல்ச்சர் எடுக்கப்படவில்லை. மூன்றாம் நாள் ஈ.கோலை கிருமி வளர்ந்திருப்பதாகவும், எந்த மருந்துக்கு அது அடங்கும் என்றும் அறிக்கை வந்தது. மருந்தை அதற்கேற்ப மாற்றினார்கள். காய்ச்சல் அடுத்த இரண்டு நாட்களில் நின்றது.

அதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. பாப்பில்லா சாவதற்கு வலிமருந்தும் சர்க்கரையும் மட்டுமே காரணமல்ல. கடும் சிறுநீரகத் தொற்று, நாள்பட்ட சிறுநீர் அடைப்பு, காசநோய், கல்லீரல் இறுக்கம், நாள அழற்சி, அரிவாள் செல் நோய் ஆகியவையும் அதைச் செய்யும். சிறுநீரில் சீழ் அணுக்கள் இருந்து, சாதாரணக் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை என்றால் காசநோயை மறக்கக் கூடாது என்று இளம் மருத்துவர் சொன்னார். அம்மாவுக்குக் கிருமி வளர்ந்திருந்தும், மூன்று நாட்கள் காலையில் முதலில் போகும் சிறுநீரைக் காசநோய்ப் பரிசோதனைக்கும் அனுப்பினார்கள். இல்லை என்று வந்தது. பூர்வீக ஊர் எது, நெருங்கிய உறவில் யாருக்காவது இரத்தச்சோகை உண்டா என்றும் கேட்டார்கள். அந்தக் கேள்வி எனக்கு முதலில் புரியவில்லை. அரிவாள் செல் மரபணு உள்ளவர்களின் சிவப்பணுக்கள், மெடுல்லாவின் ஆக்ஸிஜன் குறைந்த, உப்புச் செறிந்த சூழலில் எளிதில் வளைந்து இறுகி நுண்நாளங்களை அடைத்துவிடுகின்றன; நோய் முழுமையாக இல்லாமல் மரபணு ஒற்றையாக இருப்பவர்களுக்குக்கூட வலியில்லாமல் சிறுநீரில் இரத்தம் போகலாம். இந்தியாவில் இந்த மரபணு முதன்முதலில் 1952-இல் கண்டறியப்பட்டதே நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். நாங்கள் திண்டுக்கல் பக்கம், குடும்பத்தில் அப்படி எதுவும் இல்லை என்று சொன்னபிறகு அந்தப் பரிசோதனையை எழுதவில்லை. தேவையில்லாததை எழுதாமல் விட்டதையும் நான் தரத்தின் அடையாளமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

உறுதிசெய்யும் பரிசோதனை, சாயம் ஏற்றிச் சிறுநீர்ப் பாதையைப் படமெடுக்கும் சி.டி. யூரோகிராம். சாதாரண வயிற்று ஸ்கேனில் சிறுநீரக வீக்கம் தெரியும், கல் தெரியும். பாப்பில்லாவின் நுனியில் நடக்கும் மாற்றம் தொடக்கத்தில் பெரும்பாலும் தெரியாது. முந்தைய சென்டரில் பார்த்த அந்த ஆறு மில்லிமீட்டர் பொருளை இங்கே மறுபடி பார்த்தபோது, கல்லுக்குப் பின்னால் விழ வேண்டிய நிழல் விழவில்லை என்று கதிரியக்க மருத்துவர் சுட்டிக்காட்டினார். ஆனால் சி.டி.யில் நாளம் வழியே செலுத்தும் அயோடின் கலந்த சாய மருந்து, சோர்ந்திருக்கும் சிறுநீரகத்தை மேலும் வருத்தக்கூடியது. அதனால் அவர்கள் அவசரப்படவில்லை. வலிமருந்துகளை அடியோடு நிறுத்தி, உப்புக்கரைசல் ஏற்றி, தொற்றை அடக்கி, கிரியாட்டினின் 1.3-க்கு இறங்கியபின் ஐந்தாம் நாள்தான் எடுத்தார்கள். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையை அன்று நிறுத்தி, 48 மணி நேரம் கழித்து மறுபடி கிரியாட்டினின் பார்த்துவிட்டுத்தான் தொடங்கினார்கள். "மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடா இருக்கும், சிறுநீர் போயிட்ட மாதிரி தோணும், பயப்படாதீங்கம்மா" என்று டெக்னீஷியன் முன்கூட்டியே சொன்னது அம்மாவுக்குப் பெரிய உதவி.

சாயம் ஏற்றிப் பத்து நிமிடங்களுக்குப் பிறகு எடுக்கும் படங்களே இந்த நோய்க்கு முக்கியம். அப்போதுதான் சாயம் வடிகட்டப்பட்டுக் கிண்ணங்களை நிரப்பும். ஆரோக்கியமான கிண்ணத்தின் விளிம்பு, பாப்பில்லா உள்ளே அழுந்தியிருப்பதால் பிறை போலக் குழிந்து தெரியும். அம்மாவின் இடது சிறுநீரகத்தில் இரண்டு கிண்ணங்கள் அப்படித் தெரியவில்லை. ஒன்றில் பிறைக்கு மேலே, செத்த திசு விட்டுப்போன குழிக்குள் சாயம் புகுந்து, ஒரு தாங்கியின் மேல் உருண்டை வைத்தது போல நின்றது. இன்னொன்றில் முனை முழுதும் உதிர்ந்து, கிண்ணம் கதாயுதத்தின் தலை போல மழுங்கியிருந்தது. வலது சிறுநீரகத்தில் ஓரிடத்தில் மட்டும் தொடக்க நிலையில் மெல்லிய கீற்று ஒன்று இருந்தது. கதிரியக்க மருத்துவர் என்னைக் கணினி முன் உட்காரவைத்து, படங்களை முன்னும் பின்னுமாக நகர்த்தி இதையெல்லாம் காட்டினார். கால் மணி நேரம் ஒதுக்கினார். அவ்வளவு பொறுமையாக விளக்கியவர் எழுதிக் கொடுத்த அறிக்கையில் ஒரு வரிகூடத் தமிழில் இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம். சாயம் செலுத்துவதற்கான ஒப்புதல் படிவமும் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. அம்மா அதில் கையெழுத்திட்டார். என்ன எழுதியிருக்கிறது என்று அங்கிருந்தவர்கள் யாரும் அவருக்குப் படித்துக் காட்டவில்லை. நான் படித்துச் சொன்னேன். உடன் யாரும் இல்லாமல் வருகிறவர்களுக்கு யார் சொல்வார்கள்? மதுரையில் நடக்கும் மருத்துவமனை ஒன்று இதைச் சரிசெய்ய ஒரு வாரம் போதும்.

துணுக்கின் நுண்ணோக்கி அறிக்கை வர ஆறு நாட்கள் ஆயின. அந்த மருத்துவமனையில் திசு ஆய்வுக்கூடம் இல்லாததால் வெளியே அனுப்புகிறார்கள். இதை முதலிலேயே சொல்லியிருந்தால், தினமும் கேட்டு அலைந்திருக்க மாட்டோம். அறிக்கை தெளிவாக இருந்தது: செல்களின் கருக்கள் அழிந்து, நுண்குழாய்களின் உருவரை மட்டும் நிழல் போல மிஞ்சிய சிறுநீரகத் திசு, ஓரத்தில் வெள்ளையணுக்களின் வரிசை, புற்று செல்கள் இல்லை. கடைசி மூன்று சொற்களுக்காகத்தான் நாங்கள் அந்த ஆறு நாட்களும் காத்திருந்தோம். ஐம்பது வயதைத் தாண்டியவரின் சிறுநீரில் இரத்தமும் திசுவும் வரும்போது, அது புற்று இல்லை என்று உறுதிசெய்யாமல் வேறு எந்தப் பெயரையும் சூட்டக் கூடாது என்று தலைமை மருத்துவர் சொல்லியிருந்தார்.

சிறுநீரகத் திசு இறப்பு என்றாலே எல்லாம் ஒன்றன்று என்பதை அந்த வார்டில்தான் கண்ணால் பார்த்தேன். அம்மாவுக்கு எதிர்க்கட்டிலில், வயலில் கண்ணாடி விரியன் கடித்த ஒரு தம்பி இருந்தார். அவருக்குச் சிறுநீர் ஐந்து நாட்களாக ஏறக்குறைய நின்றே போயிருந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ். அவரிடம் செத்திருந்தவை நுண்குழாய்களின் உட்சுவர்ச் செல்கள். இரத்த அழுத்தம் விழுந்தாலும், விஷமோ சில மருந்துகளோ தாக்கினாலும், நசுங்கிய தசையிலிருந்து வெளியேறும் பொருட்கள் வந்து நிறைந்தாலும் இது நடக்கும். 1941-இல் லண்டன் குண்டுவீச்சில் இடிபாடுகளில் சிக்கி மீட்கப்பட்டவர்கள் சில நாட்கள் கழித்துச் சிறுநீர் நின்று இறந்ததைப் பைவாட்டர்ஸ், பீல் என்ற மருத்துவர்கள் பதிவு செய்ததிலிருந்துதான் இந்த நிலை பரவலாகக் கவனிக்கப்பட்டது. சிறுநீரைச் சுழற்றி அடிவண்டலை நுண்ணோக்கியில் பார்த்தால், செத்த செல்கள் குழாயின் வடிவில் வார்ப்பாக உறைந்து, சேற்றுப் பழுப்பாகத் தெரியும். வெறும் நீரிழப்பால் வந்த பாதிப்பா, செல்களே செத்துவிட்டனவா என்பதை அறிய, சிறுநீரில் வெளியேறும் சோடியத்தின் விகிதத்தையும் பார்க்கிறார்கள். ஒரு விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் குழாய்கள் உயிரோடு இருந்து உப்பைக் காக்கின்றன என்றும், இரண்டுக்கு மேல் போனால் காக்கும் செல்கள் போய்விட்டன என்றும் பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். இந்த வகையில் நம்பிக்கை உண்டு: குழாயின் அடிச்சவ்வு சிதையாமல் இருந்தால் ஒன்றிலிருந்து மூன்று வாரங்களில் செல்கள் மறுபடி முளைக்கும்.

மூன்றாவது வகை புறணியே செத்துப்போவது. அது அரிது, கொடியது. பேறுகாலத்தில் நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்து இரத்தம் கொட்டும்போதும், சுகாதாரமற்ற கருக்கலைப்பில் நச்சுத்தொற்று ஏறும்போதும், சில விரியன் கடிகளிலும் வரும். 1971-இன் கருக்கலைப்புச் சட்டத்துக்குப் பிறகும், மருத்துவமனைப் பிரசவங்கள் பெருகிய பிறகும் இது நம் நாட்டில் வெகுவாகக் குறைந்திருக்கிறது. சாயம் ஏற்றிய சி.டி.யில் மெடுல்லா ஒளிர, புறணி இருண்டு, வெளியுறையின் கீழ் ஒரு மெல்லிய ஒளிக்கோடு மட்டும் மிஞ்சியிருக்கும். சிறு திசுவை எடுத்துப் பார்க்கும் பயாப்சி அதை உறுதிசெய்யும். செத்த புறணி திரும்ப முளைப்பதில்லை. எதிர்க்கட்டில் தம்பிக்கு அது இருக்குமோ என்றுதான் மருத்துவர்கள் கவலைப்பட்டார்கள். நாங்கள் கிளம்புவதற்கு முதல் நாள் அவருக்கு முந்நூறு மில்லி சிறுநீர் போனது. அவருடைய அக்கா அந்த அளவுக்குடுவையை எங்களிடம் கொண்டுவந்து காட்டினார். அம்மா எழுந்து உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

அம்மாவுக்கு அறுவை எதுவும் தேவைப்படவில்லை. துணுக்கு தானாக இறங்கிவிட்டதால் அடைப்பு விலகியது. இறங்காமல் நின்று தொற்றும் சேர்ந்திருந்தால் உடனே சிறுநீர்க்குழாய்க்குள் ஸ்டென்ட் என்ற மெல்லிய வடிகுழாயை வைத்திருப்போம், தாமதித்தால் உயிருக்கே ஆபத்து என்றார்கள். போன முனைகள் போனவைதான். மிச்சத்தைக் காப்பதுதான் சிகிச்சை. டைக்ளோஃபினாக் குடும்பத்தைச் சேர்ந்த எதையும், மாத்திரையாகவோ ஊசியாகவோ, இனி தொடக்கூடாது. மூட்டுவலிக்கு அளவான பாராசிட்டமாலும், பிசியோதெரபியும். சர்க்கரையும் அழுத்தமும் கட்டுக்குள் இருக்க வேண்டும். காய்ச்சல், விலாவலி வந்தால் அன்றே வர வேண்டும். இதை இளம் மருத்துவர் ஒரு அட்டையில் தமிழில் தன் கையால் எழுதி, "எந்த டாக்டர்கிட்ட போனாலும், எந்தக் கடைக்குப் போனாலும் முதல்ல இதைக் காட்டுங்கம்மா" என்று கொடுத்தார். அச்சடித்த உணவுப் பட்டியல் மட்டும் பயனற்றது. எல்லா நோயாளிக்கும் ஒரே தாள். டயாலிசிஸில் இருப்பவருக்கான தண்ணீர்க் கட்டுப்பாடு அதில் இருந்தது, அம்மாவுக்கு அதற்கு நேர் எதிரான அறிவுரை. நான் கேட்டபிறகுதான் அடித்துத் திருத்திக் கொடுத்தார்கள்.

கட்டணம் நடுத்தரக் குடும்பத்துக்குச் சுமைதான், ஆனால் எழுதிய ஒவ்வொரு பரிசோதனைக்கும் காரணம் கேட்டபோது காரணம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை கதிரியக்க மருத்துவர் இருப்பதில்லை. பணிமருத்துவர்கள் இருந்தாலும் முடிவுகள் திங்கள் வரை தள்ளிப்போகின்றன. கல் என்று சொல்லப்பட்டு, காய்ச்சல் விடாமல், கிரியாட்டினின் ஏறிக்கொண்டிருக்கும் யாராக இருந்தாலும், குறிப்பாகச் சர்க்கரை உள்ளவர்களாக இருந்தால், இப்படிப்பட்ட ஒரு சிறுநீரகப் பிரிவுக்குத் தாமதமின்றிப் போகச் சொல்வேன். போகும்போது பழைய ஸ்கேன் படங்களை, அறிக்கையை மட்டுமன்றிப் படங்களையும், எடுத்துச்செல்லுங்கள். வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளையும், பெயர் தெரியாத பொட்டலங்களையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். சிறுநீரில் ஏதாவது துணுக்கு வந்திருந்தால் சுத்தமான புட்டியில் எடுத்து வையுங்கள். இதற்கு முன் இரண்டு முறை இதுபோல வந்ததாகவும், இரத்தக்கட்டி என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றிவிட்டதாகவும் அம்மா எங்களிடம் நான்காம் நாள்தான் சொன்னார்.

மூன்று மாதங்கள் கழித்து மறுபரிசோதனைக்குப் போனோம். கிரியாட்டினின் 1.2, சிறுநீரில் தொற்று இல்லை, புரதம் மட்டும் சற்று அதிகம், அதற்கு அழுத்த மாத்திரையை மாற்றினார்கள். இந்த முறை டோக்கன் போட்ட ஒன்றரை மணி நேரத்தில் பார்த்துவிட்டார்கள். ஒப்புதல் படிவம் தமிழில் வந்துவிட்டதா என்று கேட்டேன், இன்னும் இல்லை. கருத்துப் பெட்டியில் மறுபடியும் எழுதிப் போட்டிருக்கிறேன்.